மான் பண்ணை தொடங்குபவர்களுக்கு: மானுக்கு முன்னால் வாங்க வேண்டியவை

கேள்வி இதுதான்: கையில் கொஞ்சம் மேய்ச்சல் நிலம் இருக்கிறது, ஆடு வளர்த்த அனுபவம் இருக்கிறது, மான் வளர்த்து இனவிருத்தி செய்ய ஆசை. எந்த இனம், எத்தனை உருப்படி, என்ன வேலி? குட்டியிலிருந்தே புட்டிப்பால் கொடுத்துப் பழக்கினால் வேலை சுலபமாகுமா? கொம்பில் வருமானம் உண்டா?

செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் பணத்தைத் தலைகீழ் வரிசையில் செலவழிக்கிறார்கள். முதலில் நல்ல ஜாதி ஆண் மான், பிறகு பெண் மான்கள், மிச்சமிருக்கும் பணத்தில் வேலி, பட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. சரியான வரிசை இதற்கு நேர் எதிர்: உரிமம், வேலி, பட்டி, மான் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர், அதன் பிறகுதான் மான். ஆண் மான் கடைசி.

உரிமத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். மான் சில நாடுகளில் பண்ணை விலங்கு, சில நாடுகளில் வனவிலங்கு. நியூசிலாந்தில் காட்டை அழிக்கும் தொல்லை என்று அரசே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்த மானை, 1969-ல் சட்டம் மாற்றிப் பண்ணையில் வளர்க்க அனுமதித்தார்கள். இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமானையோ கடமானையோ பிடிப்பதும் விற்பதும் குற்றம். அனுமதி உள்ள நாடுகளிலும் இனத்துக்கு இனம், மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். எழுத்தில் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கம்பம்கூட நடாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆடு பல ஆயிரம் தலைமுறைகளாக மனிதனோடு வாழ்ந்து, அடங்கிப்போகும் குணத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பண்ணை மானுக்கு அப்படியொரு வரலாறு இல்லை. பல தலைமுறை பண்ணையிலேயே பிறந்த மானும் ஆபத்து என்று பட்டால் ஓடத்தான் செய்யும், ஓட முடியாவிட்டால் மோதும். ஆட்டைத் துரத்திப் பிடித்தால் கத்தும், சற்று நேரத்தில் புல் மேயும். மானைத் துரத்திப் பிடித்தால் செத்துப்போகலாம். மிகையாகச் சொல்லவில்லை. அளவுக்கு மீறிய ஓட்டத்திலும் பீதியிலும் தசைகள் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். கால் விறைக்கும், கழுத்து தொங்கும், சிறுநீர் காப்பிக் கொட்டை நிறத்தில் வரும். சில மணி நேரத்திலும் சாகலாம், நன்றாக இருக்கிறதே என்று நினைத்துப் பல நாள் கழித்தும் சாகலாம். வந்தபின் நம்பகமான சிகிச்சை கிடையாது. வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. வெயில் நேரத்தில் மானைத் தொடாதீர்கள், நாயை விட்டு ஓட்டாதீர்கள், இன்றைக்கு நடக்காத வேலையை நாளைக்குத் தள்ளிப்போடப் பழகிக்கொள்ளுங்கள்.

வேலிக்கு வருகிறேன். ஐரோப்பிய இனங்களான செம்மான் (ரெட் டீர்), ஃபாலோ மான் வகைகளுக்குச் சுற்றுவேலி சுமார் 1.9 முதல் 2 மீட்டர் உயரம் வேண்டும். வட அமெரிக்காவின் எல்க் (வாபிடி) போன்ற பெரிய இனத்துக்கு 2.4 மீட்டர் பாதுகாப்பு. முள்கம்பி வேண்டவே வேண்டாம். மான் வேகமாக வந்து மோதும்போது கொஞ்சம் நெகிழ்ந்து திருப்பி அனுப்பும் உறுதியான பின்னல் கம்பிவலைதான் சரி. வலைக் கண்ணி கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கட்டும். குட்டி போடும் வயலில் செங்குத்துக் கம்பிகளுக்கு இடையே 15 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பிறந்த குட்டி நுழைந்து வெளியே போய்விடும், தாய் உள்ளே நின்று வேலியை உதைக்கும். ஓடை, வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் வலைக்குக் கீழே விழும் சந்துதான் பெரும்பாலான தப்பித்தலுக்குக் காரணம். மான் மேலே தாண்டும் என்று பயப்படுகிறோம், அது கீழே குனிந்துதான் போகிறது.

மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள். பயந்த கூட்டம் வேலியோரமாகவே ஓடும். கூரிய மூலையில் முன்னால் போனது நிற்க, பின்னால் வந்தது ஏறி மிதிக்கும். மூலையை வளைத்தோ குறுக்கே வெட்டியோ அடையுங்கள். வாயிற்கதவை வேலியின் நடுவில் வைப்பது ஆட்டுப்பட்டிப் பழக்கம். மானுக்குக் கதவு மூலையில் இருந்தால், வேலியோடு ஓடி வரும் கூட்டம் தானாகவே அதில் நுழையும். கதவும் வேலியின் அதே உயரம் இருக்க வேண்டும். வயல்களை ஒரு நடைபாதையால் இணைத்து, எந்த வயலிலிருந்தும் அந்தப் பாதை வழியே பட்டிக்கு வரும்படி ஆரம்பத்திலேயே வரைந்துவிடுங்கள். பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

வேலியின் உட்புறம் ஒற்றையடிப் பாதை போலப் புல் தேய்ந்திருந்தால் அதைக் கவனியுங்கள். மான் வேலியோரமாக மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கிறது என்று அர்த்தம். குட்டியைப் பிரித்திருக்கலாம், பக்கத்து வயலில் ஆண் மான் இருக்கலாம், தீவனம் போதாமல் இருக்கலாம், தினமும் அந்தப் பக்கம் யாராவது நாயோடு போகலாம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டால் மண் அரிக்கும், மானும் இளைக்கும்.

பட்டி இல்லாமல் மான் வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காதில் அடையாளத் தோடு போட, ஊசி போட, ரத்தம் எடுக்க, சினை பார்க்க, எல்லாவற்றுக்கும் மானை ஓர் அறைக்குள் கொண்டுவர வேண்டும். சுவர் மரப்பலகையோ ஒட்டுப்பலகையோ, சந்து தெரியாமல் மூடியதாக, வேலியைவிட உயரமாக இருக்கட்டும். சந்தில் வெளிச்சம் தெரிந்தால் அதுதான் வழி என்று நினைத்து மோதும். உள்ளே அரையிருட்டு இருந்தால் மான் வியக்கத்தக்க அளவுக்கு அடங்கும். சிறு அறைகளாகப் பிரித்து எட்டு பத்து மான்களாக வையுங்கள். ஒரே ஒரு மானைத் தனியே பிரித்து நிறுத்தினால் அது சுவர் ஏறப் பார்க்கும், துணைக்கு இன்னொன்று பக்கத்தில் நின்றால் அமைதியாகும். கடைசியில் மானை இருபுறமும் மெத்தை வைத்து அணைத்துப் பிடிக்கும் கூண்டு ஒன்று வேண்டும்.

கூட்டத்தைப் பட்டிக்குக் கொண்டுவருவது ஒரு தனிக் கலை. கதவுகளை முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பெண் மான் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு வயதான மான்தான் தலைமை. உங்கள் கண் அதன் மேல் இருக்கட்டும். அது காதைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நடந்தால் நீங்களும் மெதுவாக நடக்கலாம். நின்று, கழுத்தை நீட்டி உயர்த்தி, காது இரண்டையும் உங்கள் பக்கம் திருப்பினால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். விறைத்த காலோடு தத்தித் தத்தி நடந்தாலோ, வாலைச் சுற்றியுள்ள மயிர் சிலிர்த்து விரிந்தாலோ நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள், பத்தடி பின்னால் வாருங்கள். அழுத்தம் குறைந்ததும் அது திரும்பித் தனக்கு எதிரே திறந்திருக்கும் கதவைப் பார்க்கும். கை தட்டுவது, சத்தம் போடுவது, துண்டை வீசுவது எல்லாம் ஆட்டோடு முடியட்டும். மாதத்தில் ஓரிரு முறை எந்த வேலையும் செய்யாமல் பட்டி வழியே நடத்திவிட்டு, மறுபுறம் தீவனம் வையுங்கள். பட்டி என்றாலே ஊசி என்று அவை முடிவுகட்டக் கூடாது.

எந்த இனம் என்ற கேள்விக்கு விடை சட்டத்திலும் தட்பவெப்பத்திலும்தான் இருக்கிறது. குளிர்ப்பிரதேச இனங்களான செம்மானும் ஃபாலோவும் பகல் குறையக் குறைய இணைசேரும், கோடைத் தொடக்கத்தில் குட்டி போடும். வருடத்துக்கு ஒரு பருவம், எல்லா வேலையும் அதைச் சுற்றியே. புள்ளிமான் போன்ற வெப்பமண்டல இனங்களில் வருடம் முழுக்கக் குட்டி பிறக்கும். ஆண்களும் ஆளுக்கொரு மாதத்தில் கொம்பு உதிர்த்து முளைப்பிக்கும், ஆகையால் எந்த நேரத்திலும் கூட்டத்தில் சண்டைக்குத் தயாராக ஒருவன் இருப்பான். இந்தோனேசிய இனமான ருசா மானை மொரீஷியஸில் பெரிய அளவில் வளர்க்கிறார்கள், வெப்பம் அதற்கு ஒத்துவரும். இன்னொன்று வாய். புள்ளிமானும் ருசாவும் புல்லை விரும்பி மேயும், செம்மான் புல்லும் தழையும் கலந்து தின்னும், அமெரிக்காவின் வெள்ளைவால் மான் பெரும்பாலும் இலை தழையைப் பொறுக்கித் தின்னும். வெறும் புல்வெளியில் வெள்ளைவால் மானை விட்டுவிட்டு ஏன் இளைக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு.

இங்கே உங்கள் ஆட்டைப் பற்றிப் பேச வேண்டும். செம்மறியாடு தனக்கு எந்த நோயும் காட்டாமல் ஒரு ஹெர்பிஸ் வைரஸைச் சுமந்திருக்கும். அது மானுக்குத் தொற்றினால் எம்.சி.எஃப். என்கிற கடும் காய்ச்சல். கண் மங்கும், ரத்தக் கழிச்சல் வரும், பெரும்பாலும் சாவுதான். வெள்ளாட்டிலும் இதே குடும்பத்து வைரஸ் உண்டு. ஃபாலோ ஓரளவு தாங்கும், செம்மான் அதைவிடக் குறைவாகத் தாங்கும், கிழக்காசிய இனமான சிகா, ருசா, புள்ளிமான் போன்றவை சுலபமாக விழும். குட்டி ஆடுகள் நிறைய இருக்கும் காலத்தில் பரவல் அதிகம். ஆட்டையும் மானையும் ஒரே வயலில், ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைக்காதீர்கள். முடிந்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வாங்கும்போது தாய்ப்பால் மறந்த, ஒரு வயதை நெருங்கும் பெண் மான்களாக, ஒரே பண்ணையில் ஒன்றாக வளர்ந்த கூட்டமாக வாங்குங்கள். சந்தையில் நாலு இடத்திலிருந்து நாலு நாலாகச் சேர்த்தால் நாலு பண்ணை நோயும் சேர்ந்து வரும். விற்பவரின் பட்டிக்கே போய், அவை கூண்டுக்குள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். சுவர் ஏறுபவற்றை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். குணம் ஓரளவு வழிவழியாக வருவது. புதிதாக வந்தவற்றைப் பகல் வெளிச்சத்தில், சிறிய அடைப்பில் இறக்குங்கள். வேலி எங்கே இருக்கிறது என்று தெரிய, வலையில் வெள்ளைத் துணிப் பட்டைகளைக் கட்டிவிடுங்கள். சில நாள் கழித்துக் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போனால் தாமாகவே பெரிய வயலுக்குப் போகும்.

நோய்ச் சான்றுகளில் இரண்டு விஷயத்தில் சமரசம் வேண்டாம். ஒன்று மாட்டுக் காசநோய். மானுக்கு வரும், மனிதனுக்கும் வரும், தோல் பரிசோதனை முடிந்த கூட்டமாக இருக்க வேண்டும். மற்றொன்று சி.டபிள்யூ.டி. என்கிற, உடல் இளைத்துச் சாகும் நோய். 1967-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. இறக்குமதியான எல்க் மூலம் தென் கொரியாவுக்குப் போனது. 2016-ல் நார்வேயின் காட்டுத் துருவ மான்களிடமும் (ரெயின்டீர்) தெரியவந்தது. காரணம் ப்ரியான் என்கிற உருமாறிய புரதம். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தெரியாமல் இருக்கும், தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அது வந்த நிலத்தில் மறுபடி மான் வளர்ப்பது பெரும்பாலும் முடியாத காரியம். ஆகவே, விற்பவர் எத்தனை வருடமாகக் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறார், செத்த மான்களை எல்லாம் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறாரா என்ற பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். முகம் சுளித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புட்டிப்பால் கேள்வி. பெண் குட்டியானால் சரி, கூட்டத்துக்கே தைரியம் கொடுக்கும். ஆண் குட்டியானால் செய்யாதீர்கள். மனிதனைக் கண்டு ஒதுங்கும் பயம்தான் ஆண் மானுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள ஒரே பாதுகாப்பு. புட்டியில் வளர்ந்த ஆண் மானுக்கு அது இல்லை. இரண்டு மூன்று வயதில் கொம்பு முற்றி இணைசேரும் பருவம் வரும்போது அது உங்களை எசமானாகப் பார்க்காது, இன்னொரு ஆண் மானாகப் பார்க்கும். மான் பண்ணைகளில் மனிதர்கள் குத்துப்பட்டுச் செத்த சம்பவங்களில் வளர்ப்பு மான்களுக்கு முக்கிய இடம் உண்டு. வேறு வழியில்லாமல் ஆண் குட்டியைக் காப்பாற்றினால் காயடித்துவிடுங்கள். நேரமும் முக்கியம்: கொம்பு இன்னும் முற்றாமல் ரோமத்தோல் மூடிய பூங்கொம்பாக இருக்கும்போது காயடித்தால் அந்தக் கொம்பு முற்றவும் செய்யாது, உதிரவும் செய்யாது. எப்போது செய்வது என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

சாதாரண ஆண் மானிடமும் பருவக் காலத்தில் தனியாக, கால்நடையாக வயலுக்குள் போகாதீர்கள். வண்டியில் போங்கள். அந்த நாட்களில் அது சாப்பாட்டை மறந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கும். எனவே பருவத்துக்கு முன் கொழுத்திருக்க வேண்டும், முடிந்தபின் தனியே பிரித்து நல்ல தீவனம் கொடுக்க வேண்டும்.

செம்மானில் முதிர்ந்த ஆண் ஒன்று 40 பெண் வரை சமாளிக்கும், இளம் ஆணுக்குப் பத்துப் பதினைந்து போதும். பெண் மான் 16 மாதத்தில் முதல்முறை சினையாக வேண்டுமென்றால், வளர்ந்த எடையில் சுமார் 70 சதவீதத்தை அதற்குள் எட்டியிருக்க வேண்டும். வயதைவிட எடையைப் பாருங்கள், தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். சினைக்காலம் செம்மானுக்கு சுமார் 233 நாள், ஃபாலோவுக்கு ஏறத்தாழ 230, வெள்ளைவால் மானுக்கு 200. ஸ்கேன் செய்து சினையில்லாதவற்றைப் பிரித்துவிட்டால் ஒரு வருடத் தீவனம் மிச்சம். ஆண் மானை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் சொந்த மகளோடு சேரும், அதற்குள் மாற்றுங்கள். உடம்பு பெரிதாகும் என்ற ஆசையில் சிறிய செம்மான் பெண்களுக்குப் பெரிய எல்க் ஆணைக் கட்டவிட்டால் குட்டி வெளியே வராமல் தாயும் போகும். செம்மானும் சிகாவும் கலந்து இனவிருத்தி ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தடுத்த வயலில் வைத்துத் தூய இனம் என்று விற்க முடியாது.

குட்டி போடும் வாரங்களில் உங்கள் வேலை தள்ளி நிற்பது. உயரமான புல், வெட்டிப்போட்ட மரக்கிளைகள் என்று மறைவிடம் கொடுங்கள், வயலில் நெரிசல் வேண்டாம். பிறந்த குட்டி முதல் ஒன்றிரண்டு வாரம் அசையாமல் படுத்துக் கிடக்கும். தாய் எங்கேயோ மேயும், பால் கொடுக்க மட்டும் வரும். புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ஐயோ அனாதைக் குட்டி என்று தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். விட்டுவிடுங்கள். மடி கனத்து, தாய் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் மட்டும் தேடிப் போங்கள். கடைசி மாதத்தில் தாய்க்கு அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுவதும் தவறு. கொழுத்த தாய்க்குப் பிரசவம் கஷ்டம்.

தீவனத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளர்ந்த செம்மான் பெண் ஏறக்குறைய இரண்டு செம்மறியாடு தின்பதைத் தின்னும். தானியத்தைத் திடீரென்று கூட்டினால் வயிற்றில் அமிலம் ஏறிச் சாகும், மெல்லக் கூட்டுங்கள். ஆனால் தாது உப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. தாமிரம் செம்மறிக்கு விஷமாகிவிடும் என்பதால் ஆட்டுத் தாதுக் கலவையில் தாமிரம் சேர்க்க மாட்டார்கள். மானுக்குத் தாமிரம் குறைந்தால் பின்னங்கால் தள்ளாடி விழும் நோய் வரும், அது திரும்பாது. ஆட்டுக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று மானுக்கு வைக்காதீர்கள். ரத்தத்தையும் ஈரலையும் பரிசோதித்து அளவு தெரிந்துகொள்ளுங்கள்.

சாவு அதிகம் நேரும் காலங்களில் ஒன்று, தாயைப் பிரித்தபின் வரும் முதல் குளிர்காலம். நேற்றுவரை தெம்பாக இருந்தது இன்று பின்புறம் கழிந்து கிடக்கும். யெர்சினியா என்கிற பாக்டீரியா, மன உளைச்சல் உள்ள குட்டியைத்தான் தேடி வரும். செம்மானுக்கு இதற்குத் தடுப்பூசி உண்டு, இரண்டு தவணை. நுரையீரல் புழுவும் இதே வயதைத்தான் தாக்கும். ஆட்டுக்கான குடற்புழு மருந்து அளவு மானுக்குப் பல சமயம் போதாது, மானின் உடல் மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும். அளவை மருத்துவர் சொல்லட்டும். பிரிக்கும் நாளில் குட்டிகளோடு சாதுவான இரண்டு கிழட்டுப் பெண் மான்களை விட்டுவையுங்கள். குட்டிகள் அவற்றைப் பார்த்துத்தான் தீவனத்தொட்டிக்கு வரும். பிரித்த அன்றே ஊசி, தோடு, வண்டிப் பயணம் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

கொம்பு. மான் கொம்பு வருடா வருடம் உதிர்ந்து முளைக்கும் எலும்பு. வளரும் காலத்தில் அதன்மேல் ரத்தநாளமும் நரம்பும் ஓடும் மெல்லிய ரோமத்தோல் இருக்கும். அந்தப் பூங்கொம்புக்குத்தான் கிழக்காசிய மருந்துச் சந்தையில் கிராக்கி. அதை அறுப்பது அறுவைச் சிகிச்சை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்து, ரத்தப்போக்கைத் தடுக்கும் கட்டு, பயிற்சி எல்லாம் வேண்டும். நியூசிலாந்தில் மருத்துவரோ சான்று பெற்ற வளர்ப்பாளரோதான் செய்யலாம். பிரிட்டன் 1980-லேயே தடை செய்துவிட்டது. முற்றி, தோல் உரிந்த கொம்பு உயிரற்ற எலும்பு. பருவத்துக்கு முன் அதை அறுத்துவிடுவதில் வலி இல்லை, சண்டைக் காயமும் குறையும். ஒரே பகுதியை நம்பியிருக்கும் சந்தை என்பதால், பூங்கொம்பை முதல் வருமானமாகக் கணக்கில் வைத்துப் பண்ணை தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

அதைவிட ஏமாற்றும் கணக்கு இனவிருத்தி மான் விற்பனை. புதியவர்கள் வந்துகொண்டே இருக்கும்வரை ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு விற்று லாபம் பார்ப்பார்கள். வரவு நின்ற அன்று விலை இறைச்சி விலைக்கு இறங்கும். ஆகவே இறைச்சி விலையில் விற்றாலும் நட்டமில்லை என்று வரும் அளவுக்கு மட்டும் முதலீடு செய்யுங்கள். அந்த இறைச்சிக்கும் வழி முன்கூட்டியே தெரிய வேண்டும். மானை ஏற்கும் அறுவைக்கூடம் எவ்வளவு தூரம், வயலிலேயே சுட்டு எடுக்கச் சட்டம் இடம்தருகிறதா என்று. பதறிய மானின் இறைச்சி கறுத்து, இறுகி, சீக்கிரம் கெடும், வாங்குபவர் திருப்பி அனுப்புவார்.

எத்தனையில் தொடங்குவது? பத்திலிருந்து பதினைந்து இளம் பெண் மான்கள். முதல் வருடம் ஆண் மான் வேண்டாம். அவற்றைப் பட்டிக்கு நடத்தவும் கூண்டில் நிறுத்தவும் ரத்தம் எடுக்கவும் கை பழகட்டும், உங்கள் மருத்துவரும் பழகட்டும். அடுத்த வருடம் இணைசேரும் பருவம் நெருங்கும்போது யாரிடமாவது பரிசோதனை முடிந்த ஆணை வாடகைக்கோ விலைக்கோ கொண்டுவாருங்கள். இணைசேருவதற்கு ஒரு மாதம் முன்பாவது வந்து, பிரிந்து நின்று, இடத்துக்குப் பழக வேண்டும்.